நல்ல மனசு மட்டும் போதுமா? 'அமெரிக்கா டு மீ' ஆவணத் தொடர் பற்றி

இந்த ஜூன் விடுமுறையில் நான் பத்து மணி நேரம் ஓர் அமெரிக்கப் பள்ளிக்குள் இருந்துவிட்டு வந்தேன். விமானம் ஏறவில்லை, வீட்டு சோபாதான். எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த ஓர் ஆசிரியை, "அக்கா, இதைப் பார்த்தே ஆகணும், நம்ம ஸ்டாஃப் ரூம் மாதிரியே இருக்கு" என்று சொல்லிச் சொல்லி என்னை உட்கார வைத்துவிட்டார். முதல் பகுதி முடிந்தபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சல். நான்காவது பகுதிக்கு வந்தபோது திருத்த வேண்டிய கட்டுரைகளைத் தள்ளி வைத்துவிட்டேன். இந்த வளப் பகுதியில் வழக்கமாகப் பணித்தாள்களும் படவட்டைகளும்தான் வரும். இம்முறை ஒரு விமர்சனம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடரின் பெயர் 'அமெரிக்கா டு மீ'. பத்துப் பகுதிகள். இயக்கியவர் ஸ்டீவ் ஜேம்ஸ். 1994இல் வந்த 'ஹூப் ட்ரீம்ஸ்' என்ற கூடைப்பந்து ஆவணப்படத்தின் வழியாக உலகம் அறிந்தவர். 2015-16 கல்வி ஆண்டு முழுவதும் கேமராக்கள் ஒரே பள்ளிக்குள் இருந்தன. 2018 ஆகஸ்டில் ஸ்டார்ஸ் அலைவரிசையில் ஒளிபரப்பானது. பள்ளியின் பெயர் ஓக் பார்க் அண்ட் ரிவர் ஃபாரஸ்ட் ஹைஸ்கூல். சிகாகோ நகரத்தின் மேற்கு எல்லையை ஒட்டிய புறநகர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். பாதிக்கும் மேல் வெள்ளையர்கள், கால்வாசிக்கு மேல் கறுப்பின மாணவர்கள், மற்றவர்கள் மீதி. ஜேம்ஸ் அதே ஊர்க்காரர், அவருடைய பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். தொடரின் பலம், பலவீனம் இரண்டுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளாமல் பள்ளி புரியாது. ஓக் பார்க் என்றால் கட்டடக்கலை படித்தவர்களுக்கு ஃபிராங்க் லாயிட் ரைட்டின் வீடு ஞாபகம் வரும். இலக்கியம் படித்தவர்களுக்கு எர்னெஸ்ட் ஹெமிங்வே, 1917இல் இதே பள்ளியில் படிப்பை முடித்தவர். நான் இங்கே சொல்ல வருவது பெர்சி ஜூலியன் என்ற வேதியியலாளரைப் பற்றி. 1935இல் பைசோஸ்டிக்மின் என்ற மருந்துப் பொருளைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய கறுப்பின அறிவியலாளர். அவர் 1950இல் ஓக் பார்க்கில் வீடு வாங்கினார். குடிபோவதற்கு முன்பே வீட்டுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு டைனமைட் வீசினார்கள். அவர் ஊரை விட்டுப் போகவில்லை. இன்று அந்த ஊரில் ஒரு நடுநிலைப்பள்ளிக்கு அவர் பெயர்தான்.

அதே ஊர் 1968இல், இனம் பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டது. அப்போது கிழக்கே, ஆஸ்டின் பூலவார்ட் என்ற ஒரு சாலைக்கு அந்தப் பக்கம், சிகாகோவின் ஆஸ்டின் வட்டாரத்தில் கறுப்பினக் குடும்பங்கள் வரவர வெள்ளையர்கள் வீட்டை விற்றுவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரிலும் அப்படி நடக்கக் கூடாது என்று ஓக் பார்க் முடிவெடுத்தது. 1972இல் வீட்டு வசதி மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு தெருவில் ஒரே இனத்தவர் சேர்ந்துவிடாதபடி வாடகைக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது அதன் வேலை. வீவக வீடுகளின் இன விகிதாச்சாரத்தோடு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தெரியாது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே அது அரசாங்கத்தின் ஆணை அல்ல. ஊர்க்காரர்கள் தாங்களே எடுத்துக்கொண்ட கொள்கை. அதனால் அதைப் பற்றி அவர்களுக்குப் பெருமை அதிகம். 'நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்லை' என்கிற பெருமை.

அந்தப் பெருமையைத்தான் தொடர் உரசிப் பார்க்கிறது. பணம் இருக்கிறது, நல்ல மனசு இருக்கிறது, ஐம்பது வருடமாகக் கலந்து வாழ்கிறோம் என்ற வரலாறும் இருக்கிறது. அப்புறம் ஏன் மதிப்பெண் பட்டியலில் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் இரண்டு பள்ளிகளில் படிப்பதுபோல் இருக்கிறார்கள்?

இதற்குள் போகுமுன் பள்ளி மாவட்டம் என்றால் என்ன என்று இரண்டு வார்த்தை. நமக்குக் கல்வி அமைச்சு ஒன்றுதான். முதல்வரை மாற்றுவதும் பாடத்திட்டம் வகுப்பதும் அங்கிருந்து வரும். அமெரிக்காவில் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள். ஒவ்வொன்றும் தனி அரசாங்கம் மாதிரி. பெரும்பாலானவை தங்களுக்கென்று வரி வசூலிக்கும், தங்களுக்கென்று தேர்தல் நடத்தும். ஓக் பார்க்கையும் பக்கத்து ரிவர் ஃபாரஸ்டையும் சேர்த்த 200ஆம் எண் மாவட்டத்தில் இருப்பது ஒரே ஒரு ஹைஸ்கூல். அதை நடத்த ஏழு பேர் கொண்ட வாரியம். அவர்களை ஊர்க்காரர்களே வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், சம்பளம் கிடையாது. வாரியம் ஒரு கண்காணிப்பாளரை நியமிக்கும், அவருக்குக் கீழே முதல்வர். பணத்தில் பெரும்பகுதி ஊர்க்காரர்களின் சொத்து வரி. வீடு விலை ஏறினால் பள்ளிக்கு வசதி, பள்ளி நன்றாக இருந்தால் வீடு விலை ஏறும். ஆஸ்டின் பூலவார்டைத் தாண்டினால் சிகாகோ நகரத்தின் பள்ளி மாவட்டம், அது வேறு கணக்கு. ஒரு சாலையின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் ஒரு பிள்ளையின் படிப்பு தொங்குகிறது. தொடக்கநிலை ஒன்றுக்குப் பதிவு செய்ய ஒரு கிலோமீட்டருக்குள் வீடு தேடி அலைந்த பெற்றோர் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்கு இந்த மனநிலையை விளக்க வேண்டியதில்லை.

தொடர் இந்த இயந்திரத்தைப் போதுமான அளவு காட்டவில்லை என்பது என் முதல் குறை. வீடுகளுக்குள் போகிறது, மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறது, தாய்மார்களோடு கண்கலங்குகிறது. வரவுசெலவு புத்தகத்தை மட்டும் திறக்கவில்லை. அந்தக் காலகட்டத்தில் மாவட்டத்தின் பெரிய வாக்குவாதங்களில் ஒன்று எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? நீச்சல் குளம்! பள்ளியின் பழைய குளத்துக்குப் பதில் புதிது கட்டுவதா, அதற்குக் கடன் வாங்குவதா என்று ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றது. 2016 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்து அந்தத் திட்டம் தோற்றது. குளத்துக்கு ஊர் திரண்டு வாக்களிக்கிறது, வகுப்பறைப் பிளவுக்கு ஒரு வாக்கெடுப்பும் இல்லை. ஒரு விமர்சகருக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்குமா? ஜேம்ஸ் அதை மென்று பார்த்திருக்கலாம்.

சரி, வகுப்பறைக்கு வருவோம். எனக்குத் தூக்கம் போனது இங்கேதான்.

இந்தப் பள்ளியில் ஒரே பாடத்துக்குப் பல நிலைகள். மேலே ஏபி, அதற்குக் கீழே ஹானர்ஸ், அதற்கும் கீழே காலேஜ் பிரெப். கேமரா ஹானர்ஸ் வகுப்புக்குள் நுழைந்தால் ஏறக்குறைய எல்லா முகமும் வெள்ளை. காலேஜ் பிரெப் வகுப்புக்குள் நுழைந்தால் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள். கட்டடம் ஒன்று, வாசல் ஒன்று, மணி அடித்ததும் இரண்டு பள்ளிகளாகப் பிரிகிறது. யாரும் வாசலில் நின்று இனம் பார்த்து அனுப்புவதில்லை. நடுநிலைப்பள்ளி மதிப்பெண், ஆசிரியர் பரிந்துரை, பெற்றோரின் வற்புறுத்தல், இப்படிச் சின்னச் சின்னக் காரணங்கள் சேர்ந்து அந்தப் பிரிவை உண்டாக்குகின்றன. எந்தக் காரணத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தாலும் நியாயமாகத்தான் தெரியும்.

அந்தப் பெயர்களைக் கவனியுங்கள். கீழ்நிலை வகுப்புக்குப் பெயர் 'கல்லூரிக்கான தயாரிப்பு'. கேட்கும் பெற்றோர் என்ன நினைப்பார்? பரவாயில்லை, கல்லூரிக்குத்தானே தயார் செய்கிறார்கள் என்று நிம்மதியாகப் போவார். பள்ளிக்குள் நடமாடுகிற பிள்ளைக்கோ அந்தப் பெயரின் உண்மைப் பொருள் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

நாம் சிரிக்க முடியாது. நம் ஊரில் 'வழக்கநிலை' என்று ஒரு பெயர் வைத்திருந்தோம். ஆங்கிலத்தில் நார்மல். அந்த வகுப்பில் இருந்த பிள்ளையைக் கேட்டால் அது எவ்வளவு நார்மல் என்று சொல்லும். பல வருடங்களுக்கு முன்பு நான் வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவுக்கு அடிப்படைத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். விரைவுநிலைப் பிள்ளைகளுக்காகத் தயாரித்த சிறுகதைப் பயிற்சி ஒன்று மேசையில் கிடந்தது. ஒரு பையன் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான், "டீச்சர், இது எங்களுக்கும் உண்டா?" நான், "உங்களுக்கு வேற வச்சிருக்கேன்பா" என்று சொல்லி அதை வாங்கி ஃபைலுக்குள் வைத்தேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். கஷ்டப்பட வேண்டாமே என்று. நான் அவனுக்கு வைத்திருந்தது பேருந்து அட்டவணையைப் படிக்கும் பயிற்சி. அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டான். தொடரில் ஹானர்ஸ் வகுப்புக்குப் போகலாமா வேண்டாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோள் குலுக்கல்தான் கண்ணில் வந்தது.

ஆகவே தொடரில் வரும் ஆசிரியர்களைத் தராசில் வைக்க எனக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

தொடரின் மனச்சாட்சியாக வருபவர் ஜெசிகா ஸ்டோவால் என்ற ஆங்கில ஆசிரியை. தந்தை கறுப்பினத்தவர், தாய் வெள்ளையர். ஃபுல்பிரைட் உதவித்தொகையில் நியூசிலாந்துக்குப் போய், மாவோரி மாணவர்களின் கல்வி இடைவெளியை அங்கே எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தவர். கற்றுக்கொண்டதைத் தன் பள்ளியில் செய்து பார்க்கத் துடிக்கிறார். ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்ப்பது, தங்கள் எதிர்பார்ப்புகளைத் தாங்களே சோதித்துக்கொள்வது என்று திட்டம் வைத்திருக்கிறார். மேலிடத்தில் பேசுகிறார். பதில் மரியாதையாகத்தான் வருகிறது, ஆனால் வேலை நகரவில்லை. 'நல்ல யோசனை, பார்க்கலாம்.' இந்த 'பார்க்கலாம்' எந்த மொழியில் சொன்னாலும் ஒரே பொருள்தான் போலிருக்கிறது. பிறகு அவர் அந்தப் பள்ளியை விட்டு ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டத்துக்குப் போய்விட்டார். ஒரு பள்ளி தன்னுடைய நல்ல ஆசிரியரை எப்படி இழக்கிறது என்று எந்தப் பயிலரங்கும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. சண்டை கிடையாது, கதவை அறைந்து சாத்துவது கிடையாது. ஒவ்வொரு சந்திப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறார்.

இன்னொருவர் இயற்பியல் ஆசிரியர், வெள்ளையர். இனத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் தப்பு என்று நம்புகிறவர். அதனால் வலியப் பேசுகிறார். கறுப்பின மாணவர்களிடம், அவர்கள் கேட்காதபோதும் பேசுகிறார். எண்ணம் பழுதில்லாதது. ஆனால் எதிரே நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்: 'எனக்கு இப்போ இயற்பியல் போதும் சார்' என்று எழுதியிருக்கும். ஆசிரியர் அதைப் படிக்கவில்லை, கேமரா படிக்கிறது. அவரைக் கேலி செய்வது சுலபம், இணையத்தில் பலர் செய்துவிட்டார்கள். என்னால் முடியவில்லை. அந்தப் பள்ளியில் கேமரா முன்னால் தப்பு செய்யத் துணிந்தவர்களில் அவரும் ஒருவர். கதவைச் சாத்திக்கொண்டவர்களின் தப்பு நமக்குத் தெரியவே தெரியாது.

இது என்னை அடுத்த குறைக்குக் கொண்டுவருகிறது. படப்பிடிப்புக்கு அனுமதி கொடுத்தது பள்ளி வாரியம். கண்காணிப்பாளருக்கும் முதல்வருக்கும் அதில் விருப்பம் இருக்கவில்லை. அவர்கள் தொடரில் பேட்டி தரவில்லை. பத்து மணி நேரமும் அவர்கள் நடைபாதையில் கடந்துபோகும் உருவங்களாகவே இருக்கிறார்கள். பார்ப்பவர்கள் மனத்தில் வில்லன் தயார்.

ஆனால் முதல்வர் யார்? அவரும் கறுப்பினத்தவர்தான். 2015 பிப்ரவரியில், படப்பிடிப்பு தொடங்கும் முன்பு, கறுப்பின மாணவர்களுக்கு மட்டும் என்று ஒரு கூட்டம் நடத்தியவர் அவர். மற்ற இனத்தவர்களை உள்ளே விடவில்லை. அது பெரிய சர்ச்சையாகி நாடு முழுக்கச் செய்தியானது. அப்படி ஒருமுறை சூடு பட்ட மனிதர் அடுத்த கல்வியாண்டிலேயே கேமராவைப் பார்த்தால் ஒதுங்க மாட்டாரா? அந்தக் கேள்விக்குத் தொடர் நியாயமான இடம் கொடுத்திருக்க வேண்டும். வாரியத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், வாரியம் வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டும், வாக்காளர் வீட்டு விலையைக் கவனிக்க வேண்டும். இந்தச் சங்கிலியின் நடுவில் மாட்டியிருப்பவர் முதல்வர். அவர் மௌனமாக இருந்ததைக் கோழைத்தனம் என்று மட்டும் படித்தால் கதை எளிதாகிவிடும். அங்கே ஜேம்ஸ் இயக்குநராக இல்லை, ஓக் பார்க் பெற்றோராக நிற்கிறார். பெற்றோருக்கு முதல்வர் மீது எப்போதும் ஒரு கோபம் இருக்கும், அது உலக வழக்கம்.

1968இல் ஃபிரெடெரிக் வைஸ்மன் 'ஹைஸ்கூல்' என்று ஒரு படம் எடுத்தார். ஃபிலடெல்ஃபியா நகரத்துப் பள்ளி ஒன்று, ஒன்றேகால் மணி நேரம். பின்னணிக் குரலும் கிடையாது, பேட்டியும் கிடையாது. ஆசிரியர்களும் நிர்வாகிகளும் அன்றாட வேலையைச் செய்கிறார்கள், அவ்வளவுதான், நமக்கு முதுகு சில்லிடுகிறது. ஜேம்ஸின் வழி வேறு. அவர் பேசுகிறார், கேள்வி கேட்கிறார், சில நேரம் திரையில் தானே தெரிகிறார். மாணவர்களிடம் அது நன்றாக வேலை செய்கிறது, அவர்கள் அவரை நம்பி மனதைத் திறக்கிறார்கள். ஆனால் ஒரு பாட வேளையை முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை வெட்டாமல் பார்க்க நான் ஏங்கினேன். பத்து மணி நேரத்தில் ஒன்றுகூட இல்லை. ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு எத்தனை விநாடி காத்திருக்கிறார், யாரிடம் காத்திருக்கிறார், யாரிடம் காத்திராமல் நகர்ந்துவிடுகிறார்? பாரபட்சம் அந்த விநாடிகளில்தானே இருக்கிறது. அதைப் பேச்சில் விளக்குகிறார்கள், வகுப்பில் காட்டவில்லை.

வெள்ளைக் குடும்பங்கள் விஷயத்திலும் ஒரு பள்ளம் உண்டு. இனம் பற்றிய தொடர் என்றதும் பலர் பங்கெடுக்கத் தயங்கியிருக்கிறார்கள். அதை ஜேம்ஸ் மறைக்கவில்லை. ஆனால் விளைவு என்ன? சமையலறை வரை கேமராவை விட்டவர்கள் பெரும்பாலும் கறுப்பின, கலப்பினக் குடும்பங்கள்தான். அவர்களுடைய கடன், அழுகை, பிள்ளையோடு போடும் சண்டை எல்லாம் நமக்குத் தெரியும். ஹானர்ஸ் வகுப்பில் தன் பிள்ளைக்கு இடம் பிடித்துக்கொடுத்த பெற்றோர் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. பிரச்சினை ஒரு பக்கத்து வீடுகளில் மட்டும் இருப்பதுபோல் ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. இயக்குநரின் நோக்கத்துக்கு நேர் எதிரான தோற்றம்.

இவ்வளவு குறை சொல்லியும் ஏன் பார்க்கச் சொல்கிறேன்? பிள்ளைகளுக்காக.

ஒரு பையன் பள்ளி வாத்தியக் குழுவில் இருக்கிறான், மல்யுத்த அணியிலும் இருக்கிறான். வாத்தியக் குழுவில் பெரும்பாலும் வெள்ளையர்கள், மல்யுத்தத்தில் அவனைப் போன்றவர்கள் அதிகம். ஒரே நாளில் இரண்டு இடத்துக்கும் போகிறான். நடை மாறுகிறது, சிரிப்பு மாறுகிறது, பேச்சு மாறுகிறது. அவனுக்கே அது தெரிந்திருக்கிறது, அதைப் பற்றி அலட்டிக்கொள்ளாமல் பேசுகிறான். வகுப்பில் நம்மிடம் "வணக்கம், ஆசிரியர்" என்று எழுத்துத் தமிழில் நிமிர்ந்து நின்றுவிட்டு, கேண்டீனில் சிங்கிலீஷில் கலகலக்கும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். இன்னொரு பக்கம் ஒரு தாய், சிறப்புக் கல்வித் திட்டத்தில் இருக்கும் தன் மகன் அங்கேயே தேங்கிவிடுவானோ என்று பயப்படுகிறார். கூட்டத்தில் எல்லோரும் அன்பாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் பேசும் மொழி முழுக்கக் கலைச்சொற்கள். தாய் தலையாட்டுகிறார். அந்தத் தலையாட்டலைப் பெற்றோர் சந்திப்பு நாளில் நான் எத்தனை முறை 'புரிந்தது' என்று எடுத்துக்கொண்டிருப்பேன்!

மொழி ஆசிரியர்களுக்கு இந்தத் தொடரில் உண்மையான விருந்து, பள்ளியின் கவிதைக் குழு. 'ஸ்போக்கன் வேர்ட்' என்கிறார்கள். எழுதி, மனப்பாடம் செய்து, மேடையில் நின்று உடம்பாலும் குரலாலும் சொல்லும் கவிதை. பீட்டர் கான் என்ற ஆசிரியர் இதைப் பல வருடங்களாக அந்தப் பள்ளியில் வளர்த்துவந்தார். 'லவுடர் தேன் எ பாம்' என்ற சிகாகோ இளையர் கவிதைப் போட்டிக்குக் குழு தயாராகிறது. ஒரு வரியை எத்தனை முறை அடித்துத் திருத்துகிறார்கள் என்று பாருங்கள். சொல்லின் எடை, நிறுத்தம், மூச்சு விடும் இடம் எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கருத்துச் சொல்கிறார்கள், 'நல்லாருக்கு'ன்னு முடித்துக்கொள்வதில்லை, எந்த இடத்தில் தனக்குக் கவனம் சிதறியது என்று சொல்கிறார்கள். நம் தமிழ்மொழி விழா ஒப்புவித்தல் போட்டிகளில் கையை எப்போது தூக்குவது என்றுதான் நாம் அதிகம் சொல்லிக்கொடுக்கிறோம். அது வேறு கலை, அதற்கும் இடம் உண்டு, ஆனால் பிள்ளை தன் சொந்த வாழ்க்கையை ஒரு வரியாக ஆக்குவது அதில் வராது.

இங்கேயும் ஓர் உறுத்தல். மேடையில் கைத்தட்டல் வாங்கும் அதே மாணவனுக்கு வகுப்பறையில் அந்த இடம் கிடைப்பதில்லை. அவனுடைய மொழித் திறமை பள்ளிக்கு வெளியே பெருமை சேர்க்கிறது, பள்ளிக்குள்ளே அது அவனை எந்த நிலைக்கும் தூக்கிவிடுவதில்லை. 'இவங்களுக்கு மேடை இருக்கே' என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு வகுப்பறையை அப்படியே வைத்துக்கொள்ள ஒரு நல்ல கவிதைக் குழுவே சாக்காகிவிடலாம். தொடர் இதைத் தொட்டும் தொடாமலும் போகிறது. நான் அழுத்திச் சொல்லியிருப்பேன். நம் பள்ளிகளிலும் இந்தியக் கலாசார நடனக் குழுவைப் பாராட்டிவிட்டுக் கணக்கு வகுப்பை மறந்துவிடும் பழக்கம் இருக்கிறது இல்லையா?

படப்பிடிப்பு முடிந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொடரோடு கதை முடியவில்லை. 2022இல் இந்தப் பள்ளி ஒன்பதாம் வகுப்பில் பல பாடங்களில் தனித்தனி நிலைகளை எடுத்துவிட்டது. எல்லோருக்கும் ஹானர்ஸ் பாடத்திட்டம். ஊரில் வாதம் ஓயவில்லை. வேகமாகப் படிக்கும் பிள்ளைகள் காத்திருக்க வேண்டுமா என்று ஒரு பக்கம், மற்றவர்கள் இத்தனை வருடம் காத்திருந்தது யார் கணக்கு என்று இன்னொரு பக்கம். நாம் 1980களின் தொடக்கத்திலிருந்து உயர்நிலையில் வைத்திருந்த பிரிவுகளை 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களோடு எடுக்கத் தொடங்கினோம். இப்போது ஜி1, ஜி2, ஜி3. வகுப்பு கலந்திருக்கிறது, பாடத்துக்குப் பாடம் நிலை மாறலாம். பெயரில் இப்போது அர்த்தம் இல்லை, வெறும் எண்தான். அது முன்னேற்றமா என்று எனக்கு இரண்டு மனசு. பிள்ளைகள் 'நான் ஜி1' என்று சொல்லும் தொனியைக் கேட்கிறபோது எண்ணுக்கும் அர்த்தம் வந்துகொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது.

பத்துப் பகுதிகளையும் பார்க்க நேரமில்லை என்பீர்கள். எங்கள் கற்றல் குழுவில் கவிதைக் குழு வரும் காட்சிகளையும் ஹானர்ஸ், காலேஜ் பிரெப் வகுப்புகளை மாறி மாறிக் காட்டும் காட்சிகளையும் மட்டும் ஒரு மணி நேரத்துக்குத் தேர்ந்தெடுத்துப் போட்டுக் காட்டினேன். முதலில் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு மூத்த ஆசிரியர், "இது அமெரிக்கா விவகாரம்மா, அங்க இனப் பிரச்சினை, நமக்கு என்ன?" என்றார். நியாயமான கேள்விதான். அங்குள்ள அடிமை முறையும் அதன் நூற்றாண்டுக் கணக்கான வடுவும் இங்கே கிடையாது, இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. அப்போது தொடரைப் பற்றி எனக்குச் சொன்ன அந்தப் புது ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் தன் மடிக்கணினியைத் திறந்தார். இந்த ஆண்டு காலைக் கூடலில் தமிழ் வாசிக்க மேடையேறிய பிள்ளைகளின் பட்டியலை எடுத்துத் திரையில் போட்டார். இருபத்திரண்டு பெயர்கள். எல்லோரும் ஜி3, பாதிப் பேர் உயர்தமிழ். பட்டியலைத் தயாரித்தவள் நான்தான்.

மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி, அடுத்த தவணை பட்டியலை இங்கேயே போட்டுடலாமே" என்றார். நேரம் ஐந்தே கால். பட்டியலில் முதல் நான்கு பெயர் எழுதி முடிக்க எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது, ஏனென்றால் எங்கள் ஜி1 பிள்ளைகளில் யாருக்கு வாசிக்கப் பிடிக்கும் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.